கன்சோல் செங்கல் ஆகுமா? கை வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

இனி எழவே எழாது என்ற நிலைக்குப் போன விளையாட்டுக் கன்சோலை ‘பிரிக்’ என்பார்கள். செங்கல்தான்! ஹோம்ப்ரூ, அதாவது கன்சோலுக்குச் சொந்தமாக நிரல், எழுதுபவர்கள் அந்த அபாயத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை, கரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் வாங்கிய என் பழைய நின்டெண்டோ வீயை வைத்தே சொல்கிறேன்.

1. எங்கே எழுதுகிறது?

எஸ்டி கார்டிலிருந்து ஓடும் சின்ன விளையாட்டு, தற்காலிக நினைவகமான ராமோடு நின்றுவிடும். அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி. உள்ளே இருக்கும் நிரந்தர நினைவகமான 512 எம்பி நேண்ட் சிப்பில் எழுதும் நிரல் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். வேறு வட்டார டிஸ்க்கில் வந்த அப்டேட்டை நான் ஒருமுறை ஏற்றிவிட்டேன். விளையாட்டு ஓடியது, செட்டிங்ஸ் மட்டும் திறக்கவில்லை. அரைச் செங்கல்.

2. அதற்கு முன்னால் எது விழிக்கிறது?

கணக்கின் உயிர் இங்கேதான். வீயை இயக்கினால் பூட்0, பூட்1, பூட்2, அப்புறம்தான் சிஸ்டம் மெனு என்று வரிசையாக எழும். கெடக்கூடிய இடத்துக்கு முந்தைய படியில் மீட்புக் கருவி உட்கார்ந்திருந்தால், பின்னால் வருவது கெட்டாலும் திருப்பி எழுதலாம். டீம் ட்வீசர்ஸ் என்ற ஹேக்கர் குழு எழுதிய பூட்மீ என்னும் மீட்புக் கருவியைப் பழைய வீக்களில் பூட்2-விலேயே வைக்க முடியும். மெனு செத்தாலும் அது எழும். இதற்கு வழிவிட்ட பூட்1 பிழையை 2008 வாக்கிலிருந்து வந்த வீக்களில் சரிசெய்துவிட்டார்கள். அவற்றில் பூட்மீயை ஐஓஎஸ்ஸாக (வீயின் உள் மென்பொருள், ஆப்பிளுடையது அல்ல) மட்டுமே வைக்கலாம். மெனுவே வராத நாளில் அதனால் பயனில்லை. உங்களுடையது எந்த வகை என்று பூட்மீயை நிறுவும் ஹேக்மீ இன்ஸ்டாலரே காட்டும்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் நிலைமை இன்னும் சுவாரசியம். 2018-இல் வெளியான பிழை, முதலில் விழிக்கும், மாற்றி எழுத முடியாத பூட்ரோமிலேயே இருந்தது. அதை அப்டேட்டால் அடைக்க முடியாது. எனவே அந்தப் பிழையுள்ள பழைய ஸ்விட்சுகளில், பேக்கப் மட்டும் கையில் இருந்தால், நேண்டில் எது கெட்டாலும் வழி உண்டு.

3. பேக்கப்

பூட்மீயில் நேண்ட் முழுவதையும் எடுத்து, கணினியிலும் ஒரு நகல் வையுங்கள். நண்பருடைய பேக்கப் உதவாது, ஒவ்வொரு வீ-க்கும் மறையாக்கச் சாவி தனி. மலிவு கார்டு போலியாக இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கார்டு சோதிக்கும் நிரலில் சோதித்துவிட்டு நம்புங்கள்.

4. எழுதும் நேரம்

மின்சாரம் போகக் கூடாது. சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அம்மா, பில்லை நினைத்து, கண்ணில் படும் சுவிட்சையெல்லாம் அணைப்பார். அதனால் பிளக் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடுவேன்.

5. முடிவு

நேண்டில் எழுதும் நிரல், பூட்2-வில் பூட்மீ இல்லை, பேக்கப்பும் இல்லை என்றால் நான் தொடமாட்டேன். என் அரைச் செங்கலுக்கு இரண்டும் இருந்தன. பேக்கப்பைத் திருப்பி எழுதியதும் செட்டிங்ஸ் திறந்தது.