தோட்டத்தில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ரேஞ்ச்: கட்டும்போது நேரும் தவறுகள்

பிள்ளை ஏர் ரைஃபிள் பழகுகிறாள். டவுனில் இருக்கும் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் கூடத்துக்கு) தினமும் கூட்டிப்போய் வர முடியவில்லை. தோட்டத்தில் இடம் சும்மா கிடக்கிறது, ஒரு கொட்டகை போட்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும் வீட்டு ரேஞ்சில் பழகியவர். கோளாறெல்லாம் 'குருவி சுடுற துப்பாக்கிதானே' என்ற அலட்சியத்தோடு கட்டத் தொடங்கும்போது வருகிறது.

சட்டத்துக்கு அது குருவித் துப்பாக்கி இல்லை. வெடிமருந்தால் இயங்கினாலும் வேறு எந்தச் சக்தியால் இயங்கினாலும் குண்டை எறிவது துப்பாக்கிதான் என்கிறது 1959 ஆயுதச் சட்டம். குழல் துளை 4.5 மி.மீ.க்குள்ளும் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பது 2016 ஆயுத விதிகள் தந்த சலுகை, அவ்வளவுதான். கடையில் 'பாயின்ட் 177' என்று கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான். பாயின்ட் 22 என்றால் துளை 5.5 மி.மீ., அதற்கு உரிமம் தேவை. சிலர் 177-ஐ வாங்கிவிட்டு ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டுகிறார்கள். 0.53 கிராம் பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) நொடிக்கு 275 மீட்டரை எட்டினாலே 20 ஜூல் ஆகிவிடும். போட்டி ரைஃபிளுக்கு 175 மீட்டர் போதும், சுமார் 8 ஜூல். அதற்கு மேல் வேகம் வைத்து 10 மீட்டரில் ஒரு லாபமும் இல்லை. சொந்தப் பட்டா நிலமாகவே இருந்தாலும் கிளி, மைனா மேல் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பில்லையும் ரைஃபிள் விவரத் தாளையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது தடுப்பு. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். தென்னை மரத்தில் இலக்கு அட்டையை ஆணி அடித்து மாட்டுவது பழைய வழக்கம். உருண்டையான தண்டில் ஓரமாகப் படும் பெல்லட் வழுக்கித் திசை மாறிப் போய்விடும். செங்கல் சுவரில் நேராகச் சுட்டால் காரையும் ஈயத் துணுக்கும் திரும்பி வரும். எனவே 3 மி.மீ. இரும்புத் தகட்டைச் சாய்த்து வைத்த பெட்டி ஒன்று அட்டைக்குப் பின்னால் வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: தகட்டின் மேல் விளிம்பு சுடுபவரைப் பார்த்து 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பெல்லட் கீழே பெட்டிக்குள் விழும். மாற்றிச் சாய்த்தால் கூரைக்குப் போகும்.

பெட்டியைத் தவறவிட்ட குண்டுக்காக அதன் பின்னால் 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரத்தில் மண் மூட்டைச் சுவர். மண்ணைச் சலித்து, கல் இல்லாமல் நிரப்புங்கள். உரச்சாக்கு வெயிலில் சில மாதத்தில் பொடிந்துவிடும். மண் ஒழுகி, மேல் வரிசை அமிழ்ந்து, சுவரின் உயரம் கண்ணுக்குத் தெரியாமலே குறையும். மேலே தார்ப்பாய் போர்த்தி, மாதம் ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அந்தச் சுவருக்கு மேலாகவும் குண்டு போகலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ரைஃபிளைத் தூக்கும்போது விரல் பட்டு வெடித்தால் அது மேல்நோக்கித்தான் போகும். வேகமான ஏர் ரைஃபிள் பெட்டிகளில் 400 கஜம் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்; பக்கத்துத் தோட்டத்தில் களை எடுப்பவர்கள் அந்தத் தூரத்துக்குள்தான் இருப்பார்கள். சுடும் இடத்திலிருந்து 2 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் 19 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைக் குறுக்கே கட்டினால் பெரியவர்களுக்குச் சரியாகும். குழலை 1.1 மீட்டரில் பிடிக்கும் சிறுமிக்கு ஆகாது. அவள் அந்தப் பலகைக்கு அடியிலேயே வானத்தைப் பார்த்துவிடுவாள். அதனால் 6 மீட்டரில் இரண்டாவது பலகை: அடி விளிம்பு 1.7, மேல் விளிம்பு 3 மீட்டர். கட்டி முடித்ததும் வீட்டில் குள்ளமானவரைச் சுடும் இடத்தில் நிறுத்தி, சுவருக்கு மேலே வானம் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் வேலை முடியவில்லை.

பக்கவாட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு யாரும் நுழைய முடியாதபடி இரு புறமும் அடைப்பு இருக்கட்டும். வழி ஒன்றே ஒன்று, அதுவும் சுடுபவரின் முதுகுப் பக்கம். அட்டை மாற்றப் போகும்முன் ரைஃபிளைத் திறந்து, குழலுக்குள் பாதுகாப்பு நூலை (உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் நூல்) கோத்து, மேசையில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், வேடிக்கை பார்ப்பவருக்கும் சேர்த்து.

இனி அளவு. 10 மீட்டர் என்பது சுடும் கோட்டிலிருந்து அட்டையின் முகப்பு வரை. பின்சுவர் வரை அல்ல. அட்டையின் மையம் 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், 5 செ.மீ. கூடலாம் குறையலாம். இந்த உயரத்தை அட்டைக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அளந்துவிடுகிறார்கள். கொட்டகைத் தரை தண்ணீர் ஓட வாட்டம் விட்டுப் போட்டது; 10 மீட்டரில் 10 செ.மீ. இறங்கியிருக்கும். வீட்டில் தாழ்ந்த அட்டைக்குப் பழகிய தோள், போட்டியில் அந்த 10 செ.மீ.க்குத் தடுமாறும். கொத்தனாரிடம் டியூப் லெவலை வாங்கி, சுடுபவர் நிற்கும் தரையிலிருந்து மட்டம் எடுத்து, அதற்கு மேல் 1.40 குறியுங்கள்.

திசை வடக்கு நோக்கி இருந்தால் காலை, மாலை வெயில் கண்ணில் அடிக்காது. அட்டையில் 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். போனில் இருக்கும் லக்ஸ் ஆப்பை நம்பிவிடாமல் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அளந்துவிடுங்கள்.

போட்டி ரைஃபிளில் இருக்கும் காற்று சிலிண்டர் 200 பார் அழுத்தம் தாங்குவது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் விட்டு வைக்காதீர்கள். சிலிண்டர் மேல் பொறித்த காலாவதி தேதி பார்க்காமல் பழைய ரைஃபிள் வாங்காதீர்கள். பொதுவாக 10 ஆண்டு. காற்று அடைக்கும் இடத்தில் எண்ணெய், கிரீஸ் கூடவே கூடாது, உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கும்.

கடைசியாக, யாரும் கணக்கில் எடுக்காத ஈயம். தினம் 100 குண்டு, வருடத்தில் 300 நாள் என்றால் 16 கிலோ. துடைப்பத்தால் பெருக்கினால் தூசு மூக்கில் ஏறும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கைகழுவாமல் டீ டம்ளரைத் தொடக் கூடாது. தோட்டத்துக் கோழி, கல் பொறுக்குவது போலவே சிதறிய பெல்லட்டையும் பொறுக்கி விழுங்கும். அது இரைப்பையில் அரைபட்டு உடம்பில் ஈயம் ஏறும். மாட்டுத் தீவனமும் கிணறும் ரேஞ்சிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பெட்டியில் விழுந்ததை வாரா வாரம் மூடி போட்ட வாளியில் கொட்டி, நிறைந்ததும் பழைய பேட்டரி வாங்கும் ஈயக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம்.