ஒரு செல்லிலிருந்து எத்தனை வைரஸ்? கணக்கு தவறும் இடங்கள்

வைரஸ் தொற்றிய ஒரு செல்லிலிருந்து எத்தனை புது வைரஸ்கள் வெளிவரும்? 'ஒரு செல்லுக்கு 100 வைரஸ்' என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்துகொள்வதுதான் முதல் தவறு. அந்த 100, ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 போன்ற ஃபாஜ்களுக்கு (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு) ஓரளவு சரி. அதுவும் சத்தான வளர்ப்புக் கரைசலில், 37 டிகிரியில், பாக்டீரியா செழிப்பாக வளரும்போது. பாக்டீரியா பட்டினி கிடந்தால் அதே டி4-இன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும்.

இந்த எண்ணை அளக்கும் முறையை எல்லிஸ், டெல்புரூக் என்ற இரு ஆய்வாளர்கள் 1939-இல் வெளியிட்டார்கள். இன்றும் மாணவர்கள் சறுக்குவது அதன் கழித்தலில்தான். ஓர் உதாரணம்: பாக்டீரியாக்கள் உள்ள கலவையில் 1,00,000 ஃபாஜ்களைச் சேர்க்கிறோம். பாக்டீரியாக்களின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம், ஆகவே ஒரு செல்லில் ஒன்றுதான் நுழையும். 40,000 ஒட்டாமல் வெளியிலேயே நிற்கின்றன. செல்கள் வெடித்த பிறகு எண்ணினால் 60,40,000. இதை 1,00,000-ஆல் வகுத்து 60 என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் ஒட்டாத 40,000-ஐக் கழிக்க வேண்டும். அப்புறம் தொற்றிய 60,000 செல்களால் வகுக்க வேண்டும். விடை சரியாக 100. ஒட்டிய பிறகு கலவையை நன்றாக நீர்க்கச் செய்யாவிட்டால் இதுவும் கெடும்: புதிதாக வந்தவை அடுத்த செல்லில் புகுந்து, இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் கணக்கில் சேர்ந்துவிடும்.

சரி, 100 வந்துவிட்டது. எல்லாச் செல்லும் 100 தந்தது என்று நினைக்க வேண்டாம், அது வெறும் சராசரி. டெல்புரூக்கே 1945-இல் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணியபோது, செல்லுக்குச் செல் விளைச்சல் பல மடங்கு வேறுபட்டது.

எதை எண்ணினோம் என்பது அடுத்த சிக்கல். பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை வைரஸின் மரபணுப் பிரதிகளை எண்ணும். செல்கள் வளர்ந்த தட்டில், வைரஸ் அவற்றைக் கொன்ற இடங்களில் விழும் தெளிந்த வட்டங்கள் தொற்றவல்ல வைரஸை மட்டும் காட்டும். டி4-இல் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். போலியோவில் ஒரு தொற்றும் துகளுக்குப் பின்னால் பத்துக்கணக்கிலிருந்து ஆயிரம்வரை துகள்கள் இருக்கலாம். கொரோனா பற்றிய செய்திகளில் இந்த இரண்டு எண்களும் கண்டபடி கலந்து வந்தன.

எல்லா வைரஸும் செல்லை வெடிக்க வைத்துத்தான் வெளியேறும் என்பதும் தவறு. எச்ஐவி, இன்ஃபுளுவென்சா போன்றவை செல் உயிரோடு இருக்கும்போதே அதன் சவ்வைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். அங்கே செல் எத்தனை நாள் தாங்குகிறது என்பதும் மொத்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். எச்ஐவி தொற்றி வைரஸ் உற்பத்தி செய்யும் டி செல் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) சராசரியாக இரண்டு நாள் போல வாழ்கிறது. ஆக, 'ஒரு நாளைக்கு இத்தனை' என்ற எண்ணை 'ஆயுள் முழுக்க இத்தனை' என்ற எண்ணுடன் அப்படியே ஒப்பிடக் கூடாது.