கரண்ட் போனாலும் பதிவு போகக்கூடாது: வீட்டுக் கணினிக்கு ஏற்ற ஸ்கிரீன் ரெக்கார்டர்

சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலிருந்தே டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லித் தருகிறேன். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கணக்கு எழுதும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள், கடை நேரத்தில் வகுப்புக்கு வர முடியாது என்பதால் திரையைப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன். எந்த மென்பொருளை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் முதல் பதில், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

முதலில் கணினியிலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் ஸ்னிப்பிங் டூலிலேயே வீடியோ பதிவு இருக்கிறது. விண்டோஸ் 10-ல் விண்டோஸ் விசையோடு ஜி அழுத்தினால் கேம் பார் வரும், ஆனால் அது ஒரே ஒரு செயலியின் சாளரத்தைத்தான் பதியும், டெஸ்க்டாப்பையோ ஃபோல்டர்களையோ காட்ட வேண்டுமென்றால் உதவாது. மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பத்து நிமிடப் பாடத்துக்கு இதுவே போதும்.

காசு கேட்கும் மென்பொருட்களின் இலவசப் பதிப்பில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: படத்தின் மேல் அவர்கள் பெயர் விழுகிறதா, நேர வரம்பு உண்டா. பாண்டிகாமின் இலவசப் பதிப்பில் இரண்டுமே உண்டு, பத்து நிமிடத்தோடு நின்றுவிடும்.

நீளமான பாடம் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது ஓபிஎஸ் ஸ்டுடியோ. முழுக்க இலவசம், நேர வரம்பு இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் நாள் அதன் முகப்பைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், பயப்படாதீர்கள், சோர்ஸ் பகுதியில் டிஸ்ப்ளே கேப்சரை (முழுத் திரையையும் பதிவது) சேர்த்து ஸ்டார்ட் ரெக்கார்டிங் அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், 2022-ல் வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து அதில் ஓடாது.

அப்புறம், கோப்பின் வடிவம். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் முன்பு வேறொரு மென்பொருளில் எம்பி4 ஆகப் பதிந்துகொண்டிருந்தபோது, கோடை மழைக்குக் கரண்ட் போய் நாற்பது நிமிடப் பாடம் முழுக்கப் போனது, கோப்பு இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. சாதாரண எம்பி4-ல் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் அறுந்தால் அந்த அட்டவணையே இருக்காது. எம்கேவி என்ற இன்னொரு வடிவம் அப்படியல்ல, அறுந்த இடம் வரை ஓடும். அதனால் ஓபிஎஸ் அமைப்புகளில் எம்கேவி வையுங்கள், முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தரம் குறையாமல் எம்பி4 கிடைத்துவிடும்.

பழைய இன்டெல் கணினி திணறினால் என்கோடரை (வீடியோவைச் சுருக்கும் பகுதி) குவிக் சிங்க்குக்கு, அதாவது இன்டெல் சிப்பிலேயே இருக்கும் என்கோடருக்கு, மாற்றிப் பாருங்கள், நொடிக்கு 30 படங்களை 15 ஆக்குங்கள், கணக்குப் பாடத்தில் திரை அவ்வளவாக அசையாது. வீடியோ பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவு, 2500 கேபிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒலி தவிர சுமார் 1.1 ஜிபி ஆகும், 1000 வைத்தால் சுமார் 450 எம்பி. ஏற்காட்டில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இருக்கும் மாணவிக்கு நான் 1000-தான் வைக்கிறேன், எழுத்து தெளிவாகவே தெரிகிறது.

படம் சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடும் எங்கள் தெருவில் இரைச்சலைக் குறைக்கும் ஓபிஎஸ்ஸின் நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் பெரிய உதவி. மைக்கின் ஃபில்டர்களில் அதைச் சேர்த்து, தறி ஓடும் நேரத்திலேயே இரண்டு நிமிடம் பதிந்து, ஃபோனில் போட்டுக் கேட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் பாடத்தைத் தொடங்குங்கள்.