வடகடலில் ஓடிய டைம்அவுட் தென்கடலில் ஓடாது

கணினியைக் கருவியோடு பேசவைக்கும் மென்பொருளான டிவைஸ் டிரைவரை எழுதுபவரிடம் டைம்அவுட், அதாவது பதில் வராவிட்டால் கைவிடும் நேரம், எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் 1000 என்பார்கள். ஏன் 1000? சும்மா, பார்க்க நன்றாக இருக்கிறது. எல்லாத் தவறும் இங்கேதான் பிறக்கிறது.

விசைப்படகில் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்து ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் ஒலி செகண்டுக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். மண்டபத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான், அதனால் எதிரொலி 20 மில்லிசெகண்டில் திரும்பிவிடும். 50 வைத்தால் தாராளம் என்று தோன்றும். அதே படகு பாம்பன் தாண்டி மன்னார் வளைகுடாவில் 60 மீட்டர் ஆழத்துக்குப் போனால் எதிரொலி வர 80 மில்லிசெகண்ட் ஆகும். 50-இல் டிரைவர் கைவிட்டு உடனே அடுத்த ஒலியை அனுப்பும், அது போய் 30 மில்லிசெகண்டில் முதல் ஒலியின் எதிரொலி வந்து சேரும், டிரைவர் அதையே இரண்டாவதின் பதில் என்று எடுத்துக்கொண்டு ஆழம் 22.5 மீட்டர் என்று காட்டும். பிழைச்செய்தியே வராது, அதுதான் வம்பு. அளக்க வேண்டிய அதிகபட்ச ஆழத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் நேரம் வைக்க வேண்டும். 300 மீட்டர் என்றால் 400 மில்லிசெகண்ட், அதற்கு மேல் கொஞ்சம். அந்த நேரம் முடியாமல் அடுத்ததை அனுப்பவும் கூடாது.

சீரியல் கேபிளிலும் இதே கணக்குதான். ஜிபிஎஸ் கருவிகளின் பழைய 4800 பாட் வேகத்தில், அதாவது செகண்டுக்கு 4800 பிட், ஒரு பைட்டுக்கு 10 பிட் என்ற கணக்கில், செகண்டுக்கு 480 பைட்தான் வரும், ஆக 82 எழுத்துள்ள ஒரு வரிக்கே 170 மில்லிசெகண்ட் வேண்டும். 100 வைத்துவிட்டு கருவி சரியில்லை என்று புலம்பி என்ன பயன்?

அப்புறம் அலகு. லினக்ஸின் மையமான கர்னலில் யூஎஸ்பி வழியாகத் தரவு அனுப்பும் பல்க் மெசேஜ் ஃபங்ஷனுக்கு நேரத்தை மில்லிசெகண்டில் கொடுக்க வேண்டும், ஒரு வேலை முடியக் காத்திருக்கும் வெயிட் ஃபார் கம்ப்ளீஷன் டைம்அவுட் ஃபங்ஷனுக்கு ஜிஃபியில், அதாவது கர்னல் கடிகாரத் துடிப்பின் எண்ணிக்கையில். அங்கே வெறும் 1000 போட்டால், ஹெச்இசட் (செகண்டுக்கு எத்தனை துடிப்பு என்ற எண்) 1000 உள்ள கணினியில் ஒரு செகண்ட், 100 உள்ள போர்டில் பத்து செகண்ட். மாற்றித் தரத் தனி ஃபங்ஷனே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, யூஎஸ்பியில் 0 கொடுத்தால் உடனே திரும்பாது, காலவரையில்லாமல் காத்திருக்கும். கம்ப்ளீஷனில் அதே 0 திரும்பி வந்தால் நேரம் முடிந்தது என்று பொருள், ஆனால் மற்ற பல ஃபங்ஷன்களில் 0 என்றால் வெற்றி என்பதால், பலர் பழக்கதோஷத்தில் இதையும் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நேரம் முடிந்துவிட்டது, சரி, அடுத்து என்ன? கருவி நேரடியாக நினைவகத்தில் எழுதும் வழியான டிஎம்ஏவை நிறுத்தாமல், அந்தத் தரவுக்கு ஒதுக்கிய நினைவகமான பஃபரை விடுவித்துவிடாதீர்கள். கருவி தாமதமாக அனுப்பும் தரவு, அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்ட நினைவகத்தில் எழுதப்படும், அந்தக் கோளாறு எங்கே வெடிக்கும் என்றே சொல்ல முடியாது. முதலில் டிஎம்ஏவை நிறுத்துங்கள், பிறகு கருவியை ரீசெட், கடைசியில்தான் பஃபரை விடுவிப்பது. இதைச் சோதிக்க, தரவு ஓடும்போதே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், படகு கரையில் நிற்கும்போதே.