மூட்டத்திலும் தோல் எரியும்: துடிப்பு மாத்திரை குடிப்பவர்களுக்கு

இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியதால் அம்மாவுக்கு அமியோடரோன் கொடுத்தார்கள். துடிப்பு அடங்கியது. ஆனால் மூன்றாம் மாதம் மூக்கும் புறங்கையும் சுட்டுக்கொண்டதுபோலச் சிவந்து எரிந்தன. நுவரெலியாவில் பாதி நாள் மூட்டம், இங்கே ஏது வெயில் என்று இருந்துவிட்டோம்! இந்த மாத்திரை குடித்தால் தோல் வெளிச்சம் தாங்காது. மூட்டமோ ஜன்னல் கண்ணாடியோ தோலைச் சுடும் வெயில் கதிரை முழுசாகத் தடுக்காது. உயரம் கூடக் கூடக் கதிரும் கூடும், எங்கள் ஊரோ 1,800 மீற்றருக்கு மேல்.

இப்போது அம்மா வெளியே போனால் நீளக்கை சட்டை, முகத்துக்கு சிங்க் ஒக்சைட் கிரீம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன காலத்தில் கட்டியதுபோலத் தலைத்துணியைக் காதும் கழுத்தும் மறைய இறக்கிக் கட்டிக்கொள்கிறார். கிரீமைவிட அதுதான் கைகொடுக்கிறது.

துடிப்புக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான பிசோப்ரோலோல் குடிப்பவர்களுக்குக் கை கால் சில்லிடலாம், எழும்பும்போது தலை சுற்றலாம். கம்பளிக் காலுறை போடுங்கள், கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழும்புங்கள். இந்தத் தொல்லைகளுக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், அமியோடரோன் குடிப்பவருக்குப் புதிதாக வறட்டு இருமலும் மூச்சு வாங்குதலும் வந்தால், மேடு ஏறினால் அப்படித்தானே என்று விடாதீர்கள். கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.