குடிமறுவாழ்வுத் திட்டத்தின் செலவையும் பயனையும் எடைபோடுவது எப்படி?

குடிநோயாளிகளுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கும் அறக்கட்டளையிடமோ தொழிற்சங்கத்திடமோ, போட்ட பணத்துக்கு என்ன பயன் கிடைத்தது என்று ஓராண்டுக்குள் எவரேனும் கேட்பர். அதற்குப் பெரும்பாலும் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையே பதிலாகத் தரப்படுகிறது. அந்த எண்ணிக்கை மையத்தின் வேலைப்பளுவைக் காட்டுமே தவிர, பயனைக் காட்டாது.

கணக்கு யாருடையது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இது மிக முக்கியம். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. மது விற்பனையால் அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது. ஒருவர் குடியை விட்டால் அரசின் வருவாய் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிப்பணம் அழிந்துபோவதில்லை, அந்தக் குடும்பத்திலேயே தங்குகிறது. ஆகவே சமுதாயம் முழுமைக்குமான கணக்கில் வரிப்பகுதியை இழப்பாகவும் காட்டக் கூடாது, ஆதாயமாகவும் காட்டக் கூடாது. குடும்பத்தின் கணக்கிலோ பாட்டிலுக்குக் கொடுத்த முழு விலையும் மிச்சமாகும். இரண்டு கணக்குகளையும் தனித்தனியே எழுதுங்கள். குடும்பத்தின் கணக்கை எழுதாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செலவுப் பக்கத்தில் ஊதியம், மருந்து, உணவு ஆகியவை எளிதில் வந்துவிடும். இலவசமாகக் கிடைத்த கட்டடத்தின் வாடகை மதிப்பு, தன்னார்வலர்களின் நேரம், உள்நோயாளியாக இருந்த நாட்களில் குடிநோயாளி இழந்த கூலி, உடனிருந்த மனைவியோ தாயோ இழந்த கூலி, பேருந்துக் கட்டணம் ஆகியவை விடுபட்டுப்போகும். அவற்றையும் சேர்க்க வேண்டும். மருத்துவக் கண்காணிப்புக்கான செலவை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

பயனைக் கணிப்பதுதான் கடினம். பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன. திட்டம் இல்லாதிருந்தாலும் சிலர் தாமாகவே குடியை விட்டிருப்பார்கள் என்பதால், அவர்களைக் கழித்த பிறகு எஞ்சுவோரையே திட்டத்தின் பயனாகக் கொள்ள வேண்டும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. தொழில்முறை மனநலப் பயிற்சி இல்லாத சாதாரண ஆலோசகர்கள், அபாயகரமாகக் குடித்துவந்த ஆண்களுக்கு அதிகபட்சம் 4 அமர்வுகளில் ஆலோசனை வழங்கினர். மூன்று மாதங்களுக்குப் பின் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களிலும் 26 சதவீதத்தினர் மீண்டிருந்தனர். இத்தகைய திட்டம் ஒன்றில் 100 பேருக்கு 2,00,000 ரூபாய் செலவாவதாக வைத்துக்கொள்வோம். மீண்டவர் 36 பேர் என்று வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 5,556 ரூபாய். திட்டத்தால் கூடுதலாக மீண்ட 10 பேரால் வகுத்தால் 20,000 ரூபாய். இரண்டாவது எண்ணே நேர்மையானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அதே ஆய்வில் 54 சதவீதம், 32 சதவீதம் என இடைவெளி பெருகியிருந்தது. மூன்று மாதத்தோடு கணக்கை முடிப்பவர் பயனைக் குறைத்து மதிப்பிட நேரலாம். மீண்டும் குடிக்கத் தொடங்கியவர்களைக் கவனிக்காமல் மிகைப்படுத்தவும் நேரலாம். எனவே ஓராண்டு வரை தொடர்ந்து பாருங்கள்.

குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட ஆடிட் வினாநிரல் போதும். அதில் மதிப்பெண் 8-க்குக் கீழ் வருவதையே கோவா ஆய்வு மீட்சியாகக் கொண்டது. சிகிச்சை அளித்த ஆலோசகரே கேள்விகளைக் கேட்காமல் வேறொருவர் கேட்பது நல்லது. தொடர்பில் இல்லாமல் போனவர்களை மீளாதவர்களாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

பணமாக மாற்றக்கூடியவை பல: கூடுதலாக வேலைக்குச் சென்ற நாட்கள், குறைந்த மருத்துவமனைச் செலவு, அடகு நகைக்குக் கட்டாமல் தப்பிய வட்டி. வீட்டில் அடிஉதை நின்றதையும், பிள்ளைகள் பயமின்றித் தூங்குவதையும் ரூபாயில் எழுத முயலாமல், எத்தனை வீடுகளில் அந்த மாற்றம் வந்தது என்று தனிப் பத்தியில் பதிவு செய்யுங்கள். அந்தப் பத்தியை அறிக்கையின் பின்னிணைப்புக்குத் தள்ளாமல் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

இரு திட்டங்களை ஒப்பிடும்போது, அவற்றுக்கு வருவோர் ஒரே தன்மையரா என்று பாருங்கள். கோவா ஆய்வு, மதுவுக்கு முற்றிலும் அடிமையானவர்களாகக் கருதத்தக்கவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே அதன் மலிவைக் காட்டி, கடும் குடிநோயாளிகளை உள்நோயாளிகளாக ஏற்கும் மையத்தை வீண்செலவு என்று சொல்ல முடியாது. இறுதியாக, கணித்த பயனைப் பாதியாகக் குறைத்து மீண்டும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அப்போதும் பயன் செலவை மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்கான நிதியைத் தயங்காமல் கேட்கலாம். மிஞ்சாவிட்டால், எந்த ஊகத்தின் மேல் முழுக் கணக்கும் நின்றது என்பதைக் கண்டறிந்து, அதற்குரிய தகவலை முதலில் திரட்டுங்கள்.