வியர்வையும் வெந்நீரும்: சென்னையில் வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் முறை

ஃபிலிம் கழுவுவதைப் பற்றி நான் படித்த கையேடுகள் அனைத்தும் 20 டிகிரி செல்சியஸ் என்ற ஒரே எண்ணிலிருந்துதான் தொடங்கின. மே மாதத்தில் ஒரு பிற்பகல், எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக் குழாய்க்கு வரும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அது 36 காட்டியது. அந்த 16 டிகிரி வித்தியாசத்தில் நான் இரண்டு சுருள்களை இழந்தேன். ஆகவே இந்தக் குறிப்பு கடற்கரையோர வெயிலில் இந்த வேலையைச் செய்ய விரும்புவோருக்கானது. கேமராவில் ஃபிலிம் போடுவது, ஒளி அளப்பது, படம் எடுப்பது ஆகியவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. 36 படங்களையும் எடுத்து முடித்த 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

ஃபிலிமைச் சுற்றி ஏற்றும் ரீல் இரண்டு கொள்ளும், ஒளி புகாத பேட்டர்சன் டாங்க், வெளிச்சம் படாமல் கைவிட்டு வேலை செய்ய சேஞ்சிங் பேக் என்னும் கறுப்புத் துணிப்பை, அளவுக் குவளைகள், அகலமான பிளாஸ்டிக் டப், டிஜிட்டல் வெப்பமானி, கத்தரிக்கோல், சோடா மூடி திறக்கும் ஓபனர் ஆகியவை போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 24 டிகிரியைக் காட்டாது என்பதால் சமையலறை வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீல் ரீல்தான் உயர்ந்தது என்று வாதிடுவோர் உண்டு. பழகிய கைகளுக்கு அது சரி. முதல்முறை செய்பவருக்கு நான் பிளாஸ்டிக் ரீலையே பரிந்துரைப்பேன்.

ஃபிலிம் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பர் அதே நிறுவனத்தின் ஐடி-11. இது இரண்டு பொட்டலங்களில் வரும் தூள். ஏறக்குறைய 40 டிகிரி வெந்நீரில் முதல் பொட்டலத்தை முழுவதும் கரைத்த பிறகே இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். இதற்கு மட்டும் சென்னைத் தண்ணீர் ஏறக்குறைய தயாராகவே வந்துவிடுகிறது. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் இந்தக் கரைசல் ஆறு மாதம் வரை தாங்கும். ஒரு வயதுக் குழந்தை தவழும் வீடு என்பதால் நான் அதைப் பூட்டிய அலமாரியில் வைக்கிறேன். குடிநீர் பாட்டிலில் இதை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

ரீலில் ஏற்றுதல்

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிளாஸ்டிக் ரீலின் இரு பக்கங்களையும் முன்னும் பின்னுமாகத் திருகும்போது, உள்ளே இருக்கும் சிறிய உருண்டைகள் ஃபிலிமின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ரீலில் ஈரம் துளி இருந்தாலும், அல்லது ஃபிலிம் பிசுபிசுத்தாலும், அந்த ஓட்டம் நின்றுவிடும். துணிப்பைக்குள் கையை விட்ட மூன்றாவது நிமிடத்திலேயே உள்ளங்கை வியர்த்து, பைக்குள் இருக்கும் காற்றே ஈரமாகிவிடுகிறது. முதல் சுருளின்போது பாதிவரை ஏறிய ஃபிலிம் சிக்கிக்கொண்டது. நான் பதறி அதைத் தள்ளினேன்; மடங்கியது; இன்னும் தள்ளினேன். கழுவிப் பார்த்தபோது பாதிப் படங்களில் பிறை நிலா வடிவில் கறை இருந்தது. மீதிப் படங்களில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடத்துக்கு டெவலப்பரே போய்ச் சேரவில்லை.

இப்போது நான் செய்வது இது. ரீலை முதல் நாளே கழுவி, மின்விசிறிக்கு அடியில் இரவு முழுவதும் காய வைத்துவிடுவேன். படுக்கையறையில் அரை மணி நேரம் ஏசி ஓடிய பிறகே பையைத் திறப்பேன். டாங்க், அதன் மூடி, நடுத்தண்டு, ரீல், கத்தரிக்கோல், ஓபனர், ஃபிலிம் ஆகிய ஏழும் உள்ளே இருக்கின்றனவா என்று வாய்விட்டு எண்ணிய பிறகே ஜிப்பை மூடுவேன். ஓபனரால் டப்பியின் தட்டையான பக்க மூடியை நெம்பி எடுத்து, சுருளின் நாக்கை, அதாவது குறுகலான தொடக்க முனையை, நேராக வெட்டி, இரு முனைகளையும் லேசாகச் சாய்த்துக் கத்தரித்துவிட்டால் ரீலின் வாயில் அது தடையின்றி நுழையும்.

இடையில் சிக்கினால் தள்ளாதீர்கள். ரீலை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உருண்டை விடுபட்டுவிடும். அப்படியும் நகரவில்லை என்றால், நடுத்தண்டோடு சேர்த்து ரீலையும் மிச்ச ஃபிலிமையும் டாங்குக்குள் வைத்து, மூடியைத் திருகி மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நடுத்தண்டு இல்லாமல் மூடினால் அந்த டாங்க் ஒளியைத் தடுக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இந்த ஓய்வு ஒன்றே எனக்குப் பல சுருள்களைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. பயன்படாத பழைய சுருள் ஒன்றை வைத்து, முதலில் வெளிச்சத்திலும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பத்து முறையாவது பழகிய பிறகு உண்மையான ஃபிலிமைத் தொடுங்கள்.

சூட்டைப் பிடித்து நிறுத்துதல்

20 டிகிரிக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு வீண்பாடு. ஐஸ் போட்டு இறக்கிய கரைசல், 33 டிகிரி அறையில் சில நிமிடங்களிலேயே ஏறத் தொடங்கிவிடும். ஆகவே 24 டிகிரியைத் தேர்ந்துகொண்டு நேரத்தைக் குறைப்பதே நம் ஊருக்கு ஏற்றது. எச்பி5 பிளஸ் சுருளை ஐஎஸ்ஓ 400-ல் எடுத்து, ஐடி-11 கரைசலில் சம அளவு தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கும் கீழே போனால் சீரற்ற கறைகள் விழக்கூடும் என்பதால், சூட்டை இன்னும் ஏற்றி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

டப்பில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் கட்டிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் கட்டி அதில் மிதக்க விடுங்கள். டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர், கழுவும் தண்ணீர் பாட்டில்கள், ஃபிலிம் ஏற்றிய டாங்க் ஆகிய அனைத்தும் அந்த டப்பிலேயே 24-க்கு வரும்வரை நிற்கட்டும். ஐஸை நேராக டெவலப்பரில் போட்டால் கலவையின் அளவு கெட்டுவிடும். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசியதுதான் என் இரண்டாவது சுருளின் கதை. திடீர்ச் சூட்டில் மேல்பூச்சு சுருங்கி, வெடித்த ஏரிமண்போல் படம் முழுவதும் வலைக்கோடுகள் விழுந்தன.

1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தை உதகமண்டலத்தில் அமைத்தவர்களை இந்த இடத்தில்தான் பொறாமையோடு நினைத்துக்கொள்வேன். நம் வீடுகளில் ஒரு காலத்தில் புழங்கிய ‘இந்து’ ஃபிலிம் அங்கிருந்துதான் வந்தது.

கழுவுதல்

150 மில்லி டெவலப்பர் கரைசலும் 150 மில்லி தண்ணீரும் கலந்து, டாங்கில் ஊற்றிக் கடிகாரத்தை ஓட விடுங்கள். முதல் 10 விநாடிகளில் நான்கு முறை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, காற்றுக்குமிழ்கள் விலக அடிப்பக்கத்தை மேடையில் தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு கவிழ்ப்பு. இடைப்பட்ட நேரத்தில் டாங்க் டப்பில் நிற்க வேண்டும். ஒன்பதாவது நிமிடம் முடியும்போது டாங்க் காலியாக இருக்க வேண்டும் என்பதால், பத்து விநாடி முன்பே ஊற்றத் தொடங்கிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்திய இந்தக் கலவையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் கரைசலை நான் வாங்குவதில்லை. 24 டிகிரித் தண்ணீரால் இரண்டு முறை அலசுகிறேன். அடுத்து, நான்கு பங்கு தண்ணீர் கலந்த ரேப்பிட் ஃபிக்சர் 5 நிமிடம். பழைய ஃபிக்சரில் இன்னும் வீரியம் இருக்கிறதா என்று அறிய, வெட்டி எறிந்த ஃபிலிம் நாக்கை அதில் போட்டுப் பாருங்கள். அது தெளிய எடுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் ஃபிலிமுக்கு வேண்டும். இதன் பிறகு மூடியைத் திறக்கலாம்.

நிறையத் தண்ணீர் செலவழிக்க வேண்டியதில்லை. டாங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 முறை, மறுபடி புதுத் தண்ணீரில் 20 முறை கவிழ்த்தால் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் போர்த் தண்ணீர் ஆகாது. உப்புத் திட்டுகள் நெகடிவில் காய்ந்துவிடும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரில், நீர் துளியாக நிற்காமல் வழிந்தோடச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் சில துளிகள் விட்டு அலசி, கீழ் முனையில் துணிக் கிளிப் மாட்டி, மின்விசிறியை நிறுத்திய அறையில் தொங்கவிடுங்கள்.

பின்சேர்க்கை

படமே விழவில்லை, வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஓரத்தில் அச்சிட்ட எண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். எண்கள் தெரிந்து படம் மட்டும் இல்லை என்றால் கழுவியது சரிதான்; கேமராவில் ஃபிலிம் நகரவே இல்லை. எண்களும் இல்லை என்றால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஃபிக்சரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். அதன் பிறகு நான் இரு பாட்டில்களின் மூடிகளிலும் வெவ்வேறு நிறத்தில் ரப்பர் வளையம் மாட்டிவிட்டேன்.

நெகடிவ் பால்போல் மங்கலாக இருக்கிறது என்றவருக்கு: அது ஃபிக்சர் போதாமை. புது ஃபிக்சரில் இன்னும் 5 நிமிடம் போட்டு, மறுபடி அலசிவிடுங்கள், சரியாகிவிடும்.

கலர் ஃபிலிம் பற்றிக் கேட்டவருக்கு: அதன் டெவலப்பருக்கு ஏறக்குறைய 38 டிகிரி வேண்டும். மே மாதம் வரட்டும், எழுதுகிறேன்.